கடலுக்குத் திருப்பிய முதுகு

அப்பாவுக்கு ஜெய்சனின் தோத்திரம். கால் வீக்கம் வடிந்ததா? அம்மைக்கு இருமல் குறைந்ததா?

சென்னையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அறையில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன்.

இப்போது நடிக்கிற படத்தில், மகனைக் கடலில் பறிகொடுத்த அப்பன் வேஷம். ஒரே காட்சி. "நெஞ்சுல அடிச்சு அழுங்க சார்" என்றார் இயக்குநர். எனக்கு வரவில்லை. தம்பி சிஜோ திரும்பாத அன்று நீங்கள் அழவில்லையே. அழுதால் அவன் போய்விட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்று வலையில் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "நீ போ மக்கா, அவன் வந்த பொறவு நான் வாறேன்" என்றீர்கள்.

அதையே செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சின்ன வேஷமானாலும் பொய்யாக நடிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேசுகிறவன் நான். அன்று உண்மையாக நடித்துவிட்டு, மதியச் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

நம்ம ஊர் தீபு சென்னைக்கு வரும்போது கொஞ்சம் மரச்சீனி வற்றலும் சிஜோவின் நீலச் சட்டையும் கொடுத்துவிடுங்கள்.

வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. படம் வந்தால் அம்மையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக வேண்டாம். அந்தக் காட்சியில் என் முகம் தெரியாது. முதுகு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஜெய்சன்