குடிக்கணக்கில் விட்ட ஒரு வரி

பாய்,

காலையில் கார்ப்பரேஷன் ஆள் வந்து என் வாசல் நிலையில் தாரால் புது நம்பர் எழுதிவிட்டுப் போனான். எட்டு ஒரு பக்கம் சாய்ந்து, வயிறு பெருத்துக் கிடக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் அவன் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கியிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. தார் வாசனை இன்னும் கூடத்தில் நிற்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், சென்ஸஸ் என்கிற குடிக்கணக்கு எடுக்க நம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். கணக்கு வாத்தியார் நான், டிராயிங் மாஸ்டர் நீங்கள். கூலி கிடையாது, வீட்டு நம்பர் எழுதத் தார் டின்னும் காகிதக் கட்டும்தான். மயிலாப்பூர் வக்கீல் பங்களாக்களில் சிக்கலே இல்லை. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, வயது, தொழில், படிப்பு எல்லாவற்றையும் தாங்களே சொல்லிவிட்டார்கள். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் எத்தனை பேர் என்று கேட்டு, ஆளுக்கொரு வரி ஒதுக்கி எழுதுவது என் வழக்கம். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "ரெண்டு புள்ளைங்க" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாலு தலை தெரிந்தது. அதைச் சொன்னதும் முறைத்தாள்.

"இன்னா நைனா, பெத்த புள்ளைங்கள எண்ணச் சொல்றியே. கண்ணு பட்டா நீயா வந்து பாப்பே?"

நீங்கள் என்னை ஓரமாக நகர்த்தினீர்கள். "எத்தினின்னு கேக்காதீங்க ஐயரே. பேரு இன்னான்னு கேளுங்க." மணலில் குந்தி, பேர் சொன்ன பிள்ளைக்கு ஒரு மீன் என்று காகிதத் துண்டில் வரைந்து கொடுத்தீர்கள். குடிசை குடிசையாகப் பிள்ளைகள் ஓடி வந்தன. அவை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தண்ணீர்க் குழாய் கேட்டு அந்தக் குப்பம் மனுப் போட்டிருந்த சமயம் அது. "ஒரு தலைய விட்டாலும் அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான் என்ன, வேண்டுமென்றா விட்டேன்?

கடைசி நாள் ராயப்பேட்டையில் உங்கள் தெரு. உங்கள் வீட்டை நான் எழுத வேண்டும். நீங்கள், உங்கள் வீட்டம்மா, இரண்டு பையன்கள். அதோடு நிறுத்திவிட்டீர்கள். திரைக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

"என்ன பாய், நான் ஒரு மீன் வரையட்டுமா?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"இவளுக்கு மேல ரெண்டு பொண்ணு போச்சு ஐயரே. ரெண்டுக்கும் பேரு வச்சு ஊரெல்லாம் சொன்னேன். இவ பேர எங்கயும் எழுத வேணாம்."

பொய்க் கணக்கு எழுதினால் அபராதம் என்று நம் இருவருக்கும் தெரியும். நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். தப்புதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

இன்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். உங்கள் பிரஷ்ஷை எனக்கென்று வீட்டம்மா கொடுத்தனுப்பியிருந்தார். உங்கள் பெரிய பையன் சைக்கிளோடு தெருவில் நின்றான். பிரஷ்ஷை நீட்டியவளுக்கு எட்டு வயதிருக்கும், உங்கள் மூக்கு. "எட்டு நல்லாவே இல்ல" என்றாள் வாசல் நிலையைப் பார்த்து, வணக்கம்கூடச் சொல்லாமல். யாரென்று தெரியாதவன் போலப் பேர் கேட்டேன். தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னாள். ஒரு மீன் வரைந்து கொடுத்தேன். வெண்டைக்காய் போல வந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

எவ்வளவு நல்ல பேர், பாய். இந்த மடலிலும் அதை எழுதவில்லை.