காவ் லானில் கூப்பிடாத விருந்து

அம்மாவுக்கு, உன் மகள் தூயென் வணங்கி எழுதுவது.

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் விடுமுறை கிடைத்ததில் தையல் ஆலைத் தோழி தாவோடு பக்கத்து ஊரான காவ் லான் போய்வந்தேன். ஊரெல்லாம் மாந்தோப்பும் தாமரைக் குளமும்தான். தெருவோரப் பந்தலில் மேசை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடை என்று உட்கார்ந்துவிட்டோம். சுட்ட விராலைத் தாமரைத் தளிரில் சுற்றித் தந்தார்கள். நான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன்.

“எவ்வளவு ஆச்சுக்கா?” என்றேன். பரிமாறிய பெண் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கடையா இது? என் வீட்டுக்காரருக்குத் தெவசம் புள்ள! தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுற மனுஷன். செத்தும் அந்தப் புத்தி போகல பாரு. உட்காரு, இன்னொரு மீன் இருக்கு.”

தாவ் வெட்கத்தில் நெளிந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியதற்கு மிளகாய்மேல் பழி போட்டேன்.

குளிருக்கு என் நீலக் கம்பளிச் சட்டையை நீயே போட்டுக்கொள். அப்பாவுக்குப் பிடித்த இஞ்சிக் கோழியை எப்படிச் செய்வது என்று எழுது.

ஆலை மணி அடித்துவிட்டது. அப்பா திவசத்துக்கு இந்த வருஷமும் லீவு இல்லை. என் இடத்தைக் காலியாக விடாதே அம்மா. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு உட்கார வை.

தூயென்