மூன்றாவது வாளின் கைப்பிடி

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அப்பாவும் நானும் நலம். உன் அருங்காட்சியகக் கண்காட்சிக்காக அப்பா பட்டறையில் பழுதுபார்க்கும் மூன்று வாள்களில் இரண்டை வரைந்து அனுப்புகிறேன். மொராக்கோ வாளில் கைக்காப்புக் கம்பிகள் அலகைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கின்றன, விருந்தாளி வந்தால் நான் நிற்கிற மாதிரி. அல்ஜீரியக் கடற்கரை வாளில் பக்கவாட்டில் ஒரு வளையம் கூடுதல்; பிடியில் சிப்பி இழைத்திருக்கிறது.

மூன்றாவதில்தான் குழப்பம். ஊசிபோல நீண்ட அலகு, பித்தளை இழைத்த கோடுகள். அது அல்ஜீரிய மலைக்காரர்களின் வாள். அதற்குக் கைக்காப்பே கிடையாதே! பிடியும் விலங்குத் தலைபோல இருக்கும். இதிலோ மொராக்கோப் பிடி. அப்பாவிடம் கேட்டேன். "வரையச் சொன்னா வரை. வக்கீல் வேலை பாக்காதே" என்றார்.

உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 9

என் ஊமைக்கோட்டானுக்கு,

படங்களைப் பார்த்து எல்லோரும் யார் வரைந்தது என்று கேட்டார்கள். "என் தங்கச்சி" என்றேன். கண்காட்சிப் புத்தகத்தில் உன் பெயர் வரும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று உன்னைப் பேசிய வாயெல்லாம் அடைபடும்.

இரண்டு ஊர் வேலைப்பாடும் ஒரே வாளில் கிடைப்பது அபூர்வம். அதை நம்பித்தான் இந்தக் கண்காட்சியே, அட்டைப்படமும் அதுதான். அப்பாவும் நானும் பேசிவிட்டோம். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நிழல் தீட்டிவிடு. கிண்டாதே, கண்ணு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

பேசிவிட்டோம் என்றால், அப்பா பிடியை மாற்றியது உனக்கும் தெரியும்.

அப்பா வெளியே போனபோது வாளை ஜன்னலோரம் கொண்டுபோனேன். கைக்காப்புக்கு அடியில் அரக்கு அடைத்திருக்கிறது. ஆணி புத்தம்புதுசு. பட்டறை மேசைக்கு அடியில் ஒரு டப்பாவில் விலங்குத் தலைப் பிடி, விரிசலோடு கிடக்கிறது. விரிசல் விட்டாலும் அதுதானே அக்கா அந்த அலகோடு பிறந்தது?

"ஒங்கக்கா வேலையே ஒன் பென்சில் முனையில நிக்குது" என்கிறார் அப்பா. அங்கே நீயே உண்மையைச் சொல்லிவிடேன். உன் பேச்சு எடுபடும்.

உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 20

வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. நிழல் போட்ட படம் அதற்குள் வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆள் வரைவார். உன் பெயர் எதிலும் இருக்காது. பிறகு நீ எனக்குக் கடிதம் எழுதவும் வேண்டாம்.

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

மூன்றாவது படம் இத்துடன் இருக்கிறது. நிழல் போடவில்லை. அரக்கையும் ஆணியையும் இருக்கிறபடியே வரைந்திருக்கிறேன். பக்கத்தில் அந்த விலங்குத் தலைப் பிடியை அதன் விரிசலோடு வரைந்தேன். அலகின் அடியும் அந்தப் பிடியின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

உறையில் வைக்கும்போது அப்பா வந்துவிட்டார். "என்னத்த வரைஞ்சிருக்கே?"

"இருக்கிறதைத்தான்ப்பா."

வாங்கிப் பார்த்தார். கிழிப்பார் என்று பயந்தேன். மேசையில் வைத்துவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் திறக்கவில்லை.

இந்தப் படம் வேண்டாமென்றால் மற்ற இரண்டிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடு. எழுத வேண்டாம் என்றாய். இதுதான் கடைசி. இனி நீ எழுதினால் நான் எழுதுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை