மலை எங்க கீதுன்னு கேட்ட மச்சானுக்கு

என் தங்கச்சி அம்சாவைக் கட்டிக்கினு, மறுவீட்டு விருந்துல எனக்குன்னு வச்சிருந்த மீன் தலையையும் சேத்து துன்னுட்டுப் போன ஆசை மச்சான் தேசப்பனுக்கு,

நல்லா கீறியா? அங்க ஏரி கீதா? எறா கெடைக்குதா? கிண்டல் பண்ண நான் இல்லாம நிம்மதியா தூங்கினு இருப்பே. எழுந்துரு, ஒரு சேதி கீது.

எனக்கும் உன்ன மாதிரியே கண்ணுல பொரை உழுந்து, பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சி. பெரியபாளையத்துல முகாம் போட்டாங்கன்னு அம்சா இழுத்துக்கினு போனா. ஆபரேசன் பண்ணி மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க, மச்சான். இவ்ளோ தான் விசயம். நீ தான் கண்ணுல கத்தி வப்பாங்கன்னு பயந்துகினு பட்டணத்து ஆசுபத்திரி பக்கமே வர மாட்டேன்னே. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தா இன்னா கொறஞ்சி போயிருக்கும் உனக்கு?

கட்டு அவுத்ததும் நேரா ஏரிக்கரைக்குப் போனேன். மேக்கால பாத்தேன். மலை நிக்குது. சும்மா கழுவி வச்ச மாதிரி. அதான் எழுதறேன்.

அந்த மலைய வச்சித் தான நம்ம பொழப்பே. ஏரில எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி. மலையோட பள்ளம் எந்தப் பனைமரத்துக்கு நேரா வருதுன்னு பாத்து தான் படகைத் திருப்புவோம். அதுல நீ கில்லாடி. அப்பிடியாப்பட்ட ஆளு படகைத் திரும்பத் திரும்ப சேத்துல ஏத்த ஆரம்பிச்சே. கூட வந்தவன் வேற படகுக்கு ஓடிட்டான். படகும் போச்சின்னா அம்சாவும் புள்ளைங்களும் இன்னா பண்ணும்னு எனக்கு பேஜாரா பூடுச்சி.

எழுபதுகள்ல கும்மிடிப்பூண்டில கம்பெனிங்க வந்துகினு இருந்த சமயம் அது. நானும் அங்க மூட்டை தூக்கப் போய்க்கினு இருந்தேன். உங்க கம்பெனி பொகை தான் மலைய மறைக்குதுன்னு என்னைத் திட்டுவே. ஏதோ நான் பீடி இழுத்து விட்ட பொகை மாதிரி. பொகையத் தாண்டிப் போயி மலையக் கிட்ட பாத்துட்டு வந்துடலாம், அப்போ தெரியும் உனக்குன்னே. சரி, ஒரு நாள் கூத்து தானன்னு கெளம்பிட்டேன்.

புதுவாயல்ல நாஷ்டா துன்னுட்டு, பஸ்ஸு மாறி மாறிப் போனோம். எறங்கினதுலேந்து என் தோள்ல கை போட்டுக்கினே வந்தே. இன்னாடா புதுப் பொண்ணு மாதிரி ஒட்டிக்கினு வரேன்னு கிண்டல் பண்ணேன். நீயும் சிரிச்சே.

ரோட்டு முனைல திரும்பினதும் மலை மூஞ்சிக்கு நேரா நிக்குது. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது.

அப்போ நீ கேட்டே: "இன்னும் எவ்ளோ தூரம் மச்சான் மலைக்கு?"

வாழ்க்கைல அன்னிக்கி ஒரு நாளு தான் என் வாய்ல கிண்டல் வரல. கிட்ட தான், வான்னேன்.

மலை ஏறின சூரன்னு நம்மள யாரும் சொல்ல முடியாது. சரிவுல ஒரு தட்டைப் பாறை வரைக்கும் போனோம், உக்காந்தோம். கட்டிக்கினு போன புளிச்சோறும் கருவாடும் துன்னோம். கெழக்கால ஏரி தெரியுதான்னு கேட்டே. எனக்கு ஒரு மண்ணும் தெரியல, ஒரே மூட்டம். ஆனா உன் மூஞ்சியப் பாத்துட்டு, தெரியுதே, படகுங்க நிக்குது, அம்சா கரையில நின்னு நம்மளத் தேடறான்னு அடிச்சி உட்டேன்.

"டேய், இந்தக் காத்துக்கு ஏரி மேல மூட்டம் போடும்டா. ஏரியே தெரியாது, என் பொண்டாட்டி மட்டும் தெரிஞ்சாளா?"

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சிக்கினே இருந்து, நீ துண்டால மூஞ்சிய மூடிக்கினே. பொகை இல்ல மச்சான், என் கண்ணு தான்னே. நான் உன் முதுகுல கை வச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

அப்புறம் தான் சொன்னேன், நாளைலேந்து நான் படகுல முன்னாடி குந்திக்கினு மலை எங்க கீதுன்னு சொல்றேன், நீ கழிய ஊனி படகைத் தள்ளுன்னு.

"நீ பொய் சொல்லுவியேடா."

"சொன்னா நானும் தான சேத்துல மாட்டிக்குவேன்?"

எறங்கும்போது வழி உட்டுட்டோம். ஏரில எங்க இருந்தாலும் மலையப் பாத்து ஊடு சேர்ற ஆளுங்க, மலை மேலயே நின்னா எதைப் பாக்கறது? ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் தெலுங்குல திட்டிக்கினே ரோட்டுல கொண்டாந்து உட்டார். ஊட்டுல அம்சா, மலை எப்பிடி இருந்துச்சின்னு கேட்டா. கிட்ட பாத்தா ரொம்பப் பெருசுன்னு சொன்னே. என்னைப் பொய்யன்னு சொன்ன ஆளு.

மறுநாள் கம்பெனிக்கு நான் போகல. நீ போற வரைக்கும் அப்பிடியே ஓட்டினோம். ஒரு வாட்டி கூட உன்ன சேத்துல ஏத்தல, ஞாபகம் கீதா?

இப்போ கேளு. மழை நின்ன மறுநாளு மூட்டம் இருக்காது. அன்னிக்கி உன் பேரன் வண்டில அதே பாறைக்குப் போறேன். அம்சாவ செவப்புப் பொடவை கட்டிக்கினு ஏரிக்கரையில வந்து நில்லுன்னு சொல்லிட்டேன். கெழவிக்கி வெக்கம், இருந்தாலும் சரின்னுட்டா. அவ்ளோ தூரத்துல அவ தெரிவாளான்னு எனக்குத் தெரியாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்றேன். ஆனா அவ நிப்பா மச்சான். அது பொய் இல்ல.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் படகுக்குக் கண்ணு,
முனுசாமி