பெரியவன் கட்டிய பை

பெரியவன் அம்மாவுக்கு,

சஃபாரி வேலைக்குப் போகப் பெரியவன் கட்டி வைத்த பையைப் பிரித்து, அவன் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டேன். இப்போது பையில் என் துணி. விருந்தாளிகள் வண்டிக்கு முன்னால் யானை நிற்கிறதா என்று பார்த்து நடக்க நானே போகிறேன்.

"முட்டி தேஞ்ச மனுசன், யானை வந்தா எப்படிங்க ஓடுவீங்க? அவனே போகட்டும்" என்று நேற்று சண்டை போட்டாய். நிஜம்தான். ஆனால் உன் தம்பி நன்றாக ஓடுகிறவன். போன மாதம் அவனையே யானை மிதித்துவிட்டதே.

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. பெரியவன் அறையை வெளியே தாழ் போட்டிருக்கிறேன். வண்டிச் சத்தம் அடங்கியபின் திற. கத்துவான். கத்தட்டும்.

மறந்துவிட்டேன்: பின்னாலேயே வந்துவிடுவானென்று அவன் பூட்ஸையும் மாட்டிக்கொண்டேன். பெரிதாக இருக்கிறது. துணி அடைத்திருக்கிறேன். மெதுவாக நடக்கலாம்.