பூஜையன்று நான் அணைத்த ஸ்விட்ச்

என் செல்வமே சேகர்,

நீ கண்ணை மூடி இரண்டாவது குளிர்காலம் வந்துவிட்டது. ஜனக்புரி வீட்டில் வெளியே இருக்கும் புகைக்குப் பயந்து உன் அறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். தாயில்லாப் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். நித்யாவும் நானும் இருக்கிறோம். அதற்கு மேல் என்ன சொல்ல?

உன் மகளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வீட்டுப் படங்களையெல்லாம் நீ போட்டு வைத்திருந்த சர்வர் பெட்டியின் டிஸ்க் பழுதாக ஆரம்பித்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தானே திருகி மாட்டினாள். லினக்ஸில் இசட்.எஃப்.எஸ். என்று ஏதோ ஒன்றை ஏற்றினாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, என் பேத்தி கையைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

"என்னடி இது, மந்திரமா?"

"அரே பாட்டி, சிம்பிள். எதை எழுதினாலும் ரெண்டு டிஸ்க்லயும் எழுதும். ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் வச்சு, படிக்கிறப்போ ஒத்துப் பார்க்கும். ஒண்ணுல கெட்டிருந்தா இன்னொண்ணைப் பார்த்து அதுவே சரி பண்ணிடும்."

"எனக்கு அப்படி ஒண்ணு வையேன். மாத்திரையை மறக்க மாட்டேன்."

"உங்களுக்கு எதுக்கு? அம்பது வருஷத்துச் சண்டையெல்லாம் தேதியோட சொல்றீங்களே!"

சரஸ்வதி பூஜையன்று காலை, உன் பழைய டிஸ்கிலிருந்து எல்லாம் புதியதற்கு நகலாகிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கிளம்பும்போது சொன்னாள்:

"பாட்டி, இதைத் தொடாதீங்க. அப்பா டிஸ்க் ஓடற வரைக்கும்தான். நின்னா மறுபடி எழும்பாது."

"பூஜையன்னிக்கு யாராவது கருவியை ஓட்டுவாங்களா? உங்க தாத்தா இருந்தப்போ இந்த நாள்ல பேனாவைக்கூடத் தொட மாட்டார்."

"ப்ளீஸ், பாட்டி."

நான் கேட்கவில்லை. சின்னப் பெண் சொல்லி நம் வீட்டு வழக்கம் மாறுவதா என்ற திமிர். ஸ்விட்சை அணைத்தேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அரை மணி கழித்து மறுபடி போட்டேன். உன் டிஸ்க் டக் டக்கென்று நாலைந்து தடவை அடித்துக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தவளின் முகத்தை உனக்கு எப்படி எழுதுவேன்?

"கரண்ட் போச்சா பாட்டி?"

"ஆமாம்" என்றேன்.

"யூ.பி.எஸ். இல்லாம ஆரம்பிச்சிருக்கவே கூடாது. என் தப்பு." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

படங்கள் வந்துவிட்டன. நீ பேசுகிற வீடியோக்கள் வரிசையில் கடைசியில் இருந்தனவாம், ஒன்றுகூட வரவில்லை. டிஸ்கைத் திறந்து எடுத்துத் தருகிறவர்களிடமும் கொண்டுபோனாள். முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். உன் குரல் இனி இந்த வீட்டில் கேட்காது, சேகர்.

அந்த இசட்.எஃப்.எஸ். மாதாமாதம் தன்னிடம் இருப்பதையெல்லாம் படித்துச் சரிபார்க்கிறது. "தெரிஞ்ச பிழை ஒண்ணும் இல்லைன்னு வருது பாட்டி" என்று உன் மகள் சொல்வாள். கூடவே, "யூ.பி.எஸ். மட்டும் இருந்திருந்தா..." என்று இழுப்பாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்னும் எத்தனை மாதம் அவளை இப்படிச் சொல்ல விடப்போகிறேன்?

இங்கே தமிழ்ச் சங்க மலருக்காக இதை எழுதுகிறேன். தில்லியில் பிறந்த உன் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன் என்பது இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் மறைத்தால், நான் என்ன பாட்டி?

மலருக்குக் கொடுக்கும் முன், அவளை எதிரே உட்கார வைத்து இதை நானே வாசித்துக் காட்டுவேன். அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் போகட்டும். தப்பு தன்னுடையது என்று இன்னொரு நாள் அவள் அழக் கூடாது. இது உன்மேல் ஆணை.

உன்னைப் பெற்றவள்,
நித்யாவிடம் பொய் சொன்ன பாட்டி