பத்து லட்சத்து ஒன்று

இன்று காலை மின்கணக்கு எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்து, "ஒம்போதாயிரத்து தொள்ளாயிரத்து ஒண்ணு" என்று உரக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார், பில்லு எகிறியும் சிரிக்கிறீங்க?" என்றார். அது உன் எண் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கள்ளிக்குப்பத்தில் உன்னைப் பெண் பார்க்க வந்த நாள்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அறுபதுகளின் கடைசி. ஆவடித் தொழிற்சாலையில் எனக்கு வேலை உறுதியான கையோடு அம்மாவும் தாய்மாமாவும் அழைத்து வந்திருந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டதும் மாமா வழக்கப்படி, "ஒரு பாட்டு பாடும்மா" என்றார். நீ தலையைக்கூடக் குனியாமல், "பாட்டு வராதுங்க. கணக்கு வேணா குடுங்க, போடறேன்" என்றாய். உன் அப்பாவின் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

எனக்குக் கணக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. நண்பர்களிடம் வழக்கமாக அளக்கும் எண்ணையே உன்னிடமும் சொன்னேன். "பத்து லட்சத்து ஒண்ணு. எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஏன்னு சொல்லுங்க பாப்போம்." மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எதைப் போட்டாலும் மீதி நிற்கும். அதற்கு மேல் போய்ப் பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

நீ கூரையைப் பார்த்தாய். காபி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு, "ஒடையுங்க. நூத்தி ஒண்ணால ஒடையும்" என்றாய்.

மாமா எழுந்துவிட்டார். "இன்னாம்மா, மாப்ளயப் பாத்தே தப்புன்றியே! கெளம்புடா, ஊட்டுக்குப் போலாம்." அம்மாவும் எழுந்தாள். உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "இரு மாமா" என்று சொல்லிவிட்டு, எப்படி என்று உன்னைக் கேட்டேன்.

"பதினொண்ணுக்கு இலக்கத்த ஒண்ணு வுட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சுப் பாப்போம்ல? நூத்தி ஒண்ணுக்கு ரெண்டு ரெண்டு இலக்கமா சேத்துக்கினு அதே மாரி செய்யணும். கடசில சைபர்தான் நிக்கும்."

அங்கேயே வகுத்துப் பார்த்தேன். ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி எதுவுமில்லை. "பொண்ணு சொல்றதுதான் சரி மாமா. எனக்கு இவங்கதான்" என்றேன். மாமா உட்கார்ந்து இன்னொரு பஜ்ஜி கேட்டார்.

கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டையில் குடியேறிய பிறகு ஒரு நாள், அத்தனை பேர் முன்னால் சொல்லப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. தப்புன்னு சொன்னா கோவிச்சுக்கிற ஆளா இருந்தா அன்னிக்கே தெரிஞ்சுடட்டும்னு சொன்னேன்" என்றாய். கூடவே, "சரி, அந்த ஈவு ஒடையுமா, அதச் சொல்லுங்க" என்று அடுத்ததை என் தலையில் கட்டினாய். நூறை நூறால் பெருக்கினாலே அந்த ஈவைத் தாண்டிவிடும், அதனால் நூறு வரை பார்த்தால் போதும் என்று வழி சொன்னதும் நீதான். இந்த முறை பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான், "ஒடையாது" என்றேன். "அன்னிக்கும் இப்டிதான் சொன்னீங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அதன்பிறகு நான் முறுக்கிக்கொண்டு உட்காரும்போதெல்லாம், "ஒடையுமா?" என்று கேட்பாய். என் கோபம் நிற்காது.

மீட்டர்காரர் போனதும் மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து மறுபடி வகுத்தேன். நன்றாகத்தான் வாழ்ந்தோம் என்று மனம் நிறைந்திருந்தது. கடைசியாக, நூறுக்குள் பெரிய பகா எண்ணான தொண்ணூற்றேழையும் போட்டேன். மீதி ஏழு. ஒடையவில்லை. நம்பாவிட்டால் நீயே போட்டுப் பார்.